மொரிஸ் மைனர் 1000-க்கு 1275 எஞ்சின்: பிளொக்கோடு சேர்ந்து மாற வேண்டியவை

தம்பி, உங்களிடம் இருப்பது 1960ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000. காரோடு வந்த 948 சிசி எஞ்சினே இன்னமும் அதில் ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் அப்பா வைத்திருந்த காரின் நினைவாக அதை இங்கிலாந்தில் வாங்கினீர்கள் என்றும், மோட்டார்வேயில் ஒரு சிறு ஏற்றம் வந்தாலும் பின்னால் லொறிகள் நெருங்கிவிடுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். மொரிஸ் மரீனா 1.3 ஒன்றின் 1275 சிசி பிளொக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சினின் உடல்) மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் ஹெட் (பிளொக்கின் மேல் அமரும், வால்வுகள் உள்ள பாகம்), கார்பரேற்றர், கியர் பெட்டி ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு பிளொக்கை மட்டும் மாற்றலாமா, பிரேக்கில் கைவைக்க வேண்டுமா, சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

1275 உங்கள் காருக்குள் நன்றாகவே அமரும். ஆனால் பிளொக்கை மட்டும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1275-இன் ஹெட்டும் சேர்ந்தே வர வேண்டும். பிரேக் வேலையை எஞ்சினுக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். இந்த வகை எஞ்சின்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், இந்த மூன்றுக்கும் காரணங்களைச் சொல்கிறேன்.

இந்த மாற்றம் சாத்தியமாவதற்குக் காரணம், இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள் என்பதுதான். 1951இல் ஒஸ்டின் ஏ30 காரில் 803 சிசியாக வந்த ஏ-சீரிஸ் எஞ்சின், 2000ஆம் ஆண்டில் பழைய மினியின் உற்பத்தி நிற்கும்வரை பல அளவுகளில் தொடர்ந்தது. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் முதல் எஞ்சின் 918 சிசி பக்க வால்வு எஞ்சின். அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று மைனருக்குள் ஏ-சீரிஸ் வளர்ந்தது. 1275 மட்டும் தொழிற்சாலையில் மைனருக்குப் பொருத்தப்படவே இல்லை. அது மினி கூப்பர் எஸ், எம்ஜி மிட்ஜெட், மரீனா போன்றவற்றுக்குப் போயிற்று. ஆனாலும் பிளொக்கின் வெளி அளவும், எஞ்சினைக் காரில் தாங்கும் தாங்கிகள் பிடிக்கும் முறையும், கார்பரேற்றர் இடப்பக்கம், டிஸ்ரிபியூட்டர் வலப்பக்கம் என்ற அமைப்பும் மாறவில்லை. உங்கள் எஞ்சினை இறக்கிவிட்டு 1275-ஐ அதே இடத்தில் இறக்கினால், பொனெட்டை மூடிய பின் வித்தியாசம் எவருக்கும் தெரியாது.

உள்ளேதான் வித்தியாசம். 948-இன் சிலிண்டர் விட்டம் 62.9 மில்லிமீற்றர், பிஸ்டனின் வீச்சு 76.2. 1275-இல் விட்டம் 70.61, வீச்சு 81.28. விட்டம் கூடியதால், ஏறத்தாழ அதே நீளமுள்ள பிளொக்குக்குள் நான்கு சிலிண்டர்களையும் நெருக்கி அமைக்க வேண்டியிருந்தது; சிலிண்டர்களுக்கு இடையே உள்ள சுவர் அதனால் மெல்லியது. இதை நினைவில் வைத்திருங்கள், பிளொக்கைச் சோதிக்கும் இடத்தில் மறுபடி வரும். உங்கள் 948 தருவது 37 குதிரைவலு, 50 இறாத்தல்-அடி முறுக்கு விசை. மிட்ஜெட்டில் இருந்த 1275, இரட்டைக் கார்பரேற்றரோடு 65 குதிரைவலுவும் 72 இறாத்தல்-அடியும் தந்தது. மரீனாவின் ஒற்றைக் கார்பரேற்றர் எஞ்சின் அதைவிடச் சற்றுக் குறைவு. மோட்டார்வே ஏற்றத்தில் நீங்கள் உணரப்போவது குதிரைவலுவை விட அந்த முறுக்கு விசையைத்தான்: நாலாம் கியரிலிருந்து மூன்றுக்கு இறங்காமலே கார் ஏறும்.

இனி ஹெட். 948-இன் ஹெட்டில் உள்ளிழுக்கும் வால்வின் விட்டம் சுமார் 28 மில்லிமீற்றர். 1275-இன் ஹெட்டில் சுமார் 33. சிறிய வால்வின் வழியாகப் பெரிய சிலிண்டரை நிரப்ப முயன்றால், குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும் எஞ்சின் நடுவேகத்துக்கு மேல் மூச்சு முட்டி நின்றுவிடும். இது ஒரு குறை. இன்னொன்று இதைவிடப் பாரதூரமானது. 948 ஹெட்டின் எரியறை சிறிய சிலிண்டருக்கென்று அளவாக வார்க்கப்பட்டது. அதற்குள் 1275-இன் காற்றை அடைத்தால் அமுக்க விகிதம் (காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) தயாரிப்பாளர் வகுத்த 8.8-ஐத் தாண்டிப் போகும், ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும்போது எஞ்சின் 'டிக் டிக்' என்று தட்டத் தொடங்கும். அந்தச் சத்தத்தோடு நீண்ட தூரம் ஓடினால் பிஸ்டனின் தலை கரையும், ஹெட் காஸ்கெட் போகும். எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. பலர் 1098 பிளொக்கின் மேல் 1275-இன் ஹெட்டை வைக்க விரும்புகிறார்கள்; அப்படி வைத்தால் வெளியேற்று வால்வு திறக்கும்போது பிளொக்கின் மேற்பரப்பில் முட்டும், அதற்கென்று பிளொக்கில் குழி வெட்ட வேண்டும். ஒரே குடும்பம் என்றாலும் சிறிய விட்டப் பிளொக்குக்கு ஒரு ஹெட், பெரிய விட்டப் பிளொக்குக்கு வேறு ஹெட் என்றுதான் இவை வடிவமைக்கப்பட்டன.

அப்பாவின் காரில் தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓடியதையும், "எதை ஊற்றினாலும் ஓடும் எஞ்சின்" என்று அவர் சொன்னதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். பெற்றோல் தடையாயிருந்த அந்த நாட்களில் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டியதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையின் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அந்தக் கார்கள் அதைத் தாங்கியதற்கு அவற்றின் குறைந்த அமுக்க விகிதம் ஒரு முக்கிய காரணம். 1275 அந்தப் பொறுமை உள்ள எஞ்சின் அல்ல. அதற்கு நல்ல பெற்றோலும் சரியான தீப்பொறி நேரமும் வேண்டும்.

எந்தக் காரிலிருந்து வந்த 1275 என்பதில் கவனமாயிருங்கள். மரீனாவும் மிட்ஜெட்டும் உங்கள் காரைப் போலவே எஞ்சினை நெடுக்காக வைத்துப் பின்சக்கரங்களை இயக்குபவை. அவற்றின் எஞ்சின்தான் உங்களுக்கு உகந்தது. மரீனாவுக்குப் பின் வந்த மொரிஸ் இற்றால் 1.3 கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் இருப்பது 1980க்குப் பின் பலப்படுத்தப்பட்ட ஏ-பிளஸ் பிளொக். மினி, மெட்ரோ போன்ற முன்சக்கர இயக்கக் கார்களின் 1275 மலிவாக எங்கும் கிடைக்கும், ஆனால் அவற்றில் கியர் பெட்டி எஞ்சினுக்குக் கீழே இருந்து ஒரே எண்ணெயைப் பகிர்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்முனையும் வேறு விதமானது. கிராங்க், சம்ப் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), எண்ணெய் உறிஞ்சும் குழாய் என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது, மலிவாக வாங்கியதன் பயன் போய்விடும்.

விற்பவர் சொல்லும் சொல்லை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம். எஞ்சின் எண் பொறித்த தகடு ஆணியால் அறையப்பட்டது. அதைக் கழற்றி வேறு பிளொக்கில் அறைவது கடினமல்ல. இடப்பக்கம், கார்பரேற்றருக்குக் கீழே பிளொக்கைப் பாருங்கள். 948, 1098 ஆகியவற்றில் அங்கே வால்வுகளை இயக்கும் தப்பெற்றுகளை மூடும் இரண்டு சிறிய தகர மூடிகள் இருக்கும். மரீனா 1275-இல் அந்த மூடிகள் கிடையாது, சுவர் முழுதாக வார்க்கப்பட்டிருக்கும். ஹெட் கழன்றிருந்தால் சிலிண்டரின் குறுக்கே வேர்னியரை வைத்து அளந்துவிடுங்கள், 70.6-ஐ ஒட்டி ஓர் அளவு வர வேண்டும்.

பிளொக்கை வாங்கி வந்ததும் உடனே கூட்டத் தொடங்காதீர்கள். ஐம்பது ஆண்டு பழைய வார்ப்பிரும்பு அது, எப்படி வாழ்ந்தது என்பதை அதனிடமே கேட்க வேண்டும். முதலில் சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து உள்ளே நகத்தை இழுத்துப் பாருங்கள். மேல் வளையம் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே, தேயாத இரும்பு ஒரு சிறு படியாக நிற்கும். நகம் அந்தப் படியில் சிக்கினால் தேய்மானம் உண்டு. எவ்வளவு என்பதை உள்விட்டம் அளக்கும் கடிகார அளவி சொல்லும். படிக்குக் கீழே ஓர் அளவு, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. பிறகு அதே மூன்றையும் குறுக்குத் திசையில் எடுங்கள். மேலுக்கும் அடிக்கும் இடையே 0.13 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு இருந்தால் புது வளையம் போட்டுச் சமாளிக்க நினைப்பது வீண். சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவுப் பிஸ்டன் போட வேண்டும். முதல் படியாக ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு கடைந்தால் கொள்ளளவு 1293 ஆகும், நாற்பதுக்கு 1312, அறுபதுக்கு 1330. ஓட்டப்பந்தயக்காரர்கள் 1380 வரை போகிறார்கள். நான் சொன்ன மெல்லிய சுவரை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் அது இன்னும் மெலிகிறது. வீதியில் ஓடும் காருக்கு 1293 போதும், 1330-க்கு மேல் போக நான் சம்மதிக்க மாட்டேன். ஏற்கெனவே அறுபது கடைந்த பிளொக் என்றால் வாங்காமல் விடுவதே நல்லது, ஏனெனில் அடுத்த தடவைக்கு அதில் இரும்பு இல்லை.

அடுத்து, பக்கத்தில் தண்ணீர் ஓடும் உட்குழிகளை மூடும் வட்டமான கோர் பிளக்குகளைத் தட்டிக் கழற்றுங்கள். கடைசிச் சிலிண்டருக்குப் பின்னால், தண்ணீர் மெதுவாக ஓடும் மூலையில், ஒரு வளைந்த கம்பியை விட்டுக் கிளறினால் செங்கபில நிறத்தில் களிமண்போல் துரு வரும். நான் திறந்த பிளொக்குகளில் இது இல்லாத ஒன்றைக் கண்டது அரிது. ஒரு பிளொக்கில் அந்த மூலையிலிருந்து மட்டும் ஒரு தேநீர்க் கோப்பை நிறையத் துரு எடுத்தேன். முந்திய சொந்தக்காரர் "றேடியேற்றரை இரண்டு தரம் மாற்றியும் சூடேறுகிறது" என்று சொல்லி விற்ற எஞ்சின் அது. வார்ப்பைச் சுத்தம் செய்யும் தொட்டியில் அதை ஊற வைத்து எடுக்கும் ஓர் எஞ்சின் பட்டறையிடம் கொடுத்து, அதே வேளையில் சிலிண்டர்களுக்கு இடையே விரிசல் உண்டா என்று சோதிக்கவும், மேற்பரப்பு சமமாக உள்ளதா என்று பார்க்கவும் சொல்லுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. ஹெட்டைக் கொடுக்கும்போது வெளியேற்று வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகள் பொருத்தச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெற்றோலின் விற்பனை இங்கே 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது, மென்மையான பழைய இருக்கைகள் ஈயமில்லாப் பெற்றோலில் நாளடைவில் உள்வாங்கும்.

பொருத்தும்போது எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வர வேண்டும் என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். மைனரில் எஞ்சினின் முன்தகடே தாங்கிகளின் மேல் அமர்கிறது, ஆகவே உங்கள் மைனரின் முன்தகட்டைக் கழற்றி 1275-இல் போட வேண்டும். மரீனாவின் கியர் பெட்டி வேறு வகையானது; அதற்கென்று அமைந்த பின்தகடு உங்கள் கியர் பெட்டியோடு சேராது. பின்தகடு, ஃபிளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் ஆகிய நான்கையும் ஒரே தொகுதியாக நினைத்து, 1275 மிட்ஜெட்டின் தொகுதியைத் தேடுங்கள். அதன் கிளட்ச் ஆறரை அங்குலம், உங்கள் 948-இன் ஆறேகால் அங்குலக் கிளட்ச் இந்த முறுக்கு விசைக்குக் காணாது. கிராங்கின் பின்முனையில் கியர் பெட்டித் தண்டின் நுனி அமரும் புஷ்ஷை அளந்து பார்க்காமல் எஞ்சினை ஏற்றாதீர்கள். சம்பும் அதற்குள் எண்ணெய் உறிஞ்சும் குழாயும் ஒரே காரிலிருந்து வந்த சோடியாக இருக்க வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை மாற்றினால், எண்ணெய்ப் பம்பை இயக்கும் அதன் பின்முனை உங்களிடமுள்ள பம்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஊசி, பிளவு, நட்சத்திரம் என மூன்று வகை உண்டு, ஒன்றுக்கொன்று சேரா. மரீனாவில் பெற்றோல் பம்ப் பிளொக்கிலேயே இருந்தது, உங்கள் காரில் மின்பம்ப் இருக்கிறது. பிளொக்கில் உள்ள அந்தத் துளையை ஒரு தகட்டால் மூடிவிடலாம்.

ஒரு சிறு விடயம், பலர் தவறவிடுவது. உங்கள் 948-இல் எஞ்சினின் உள்மூச்சு (உள்ளே சேரும் வாயு) தப்பெற் மூடியிலுள்ள குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. 1275-இல் அந்த மூடியே இல்லை. மூச்சு, டைமிங் செயின் மூடியிலுள்ள சிறு குடுவை வழியாகப் போகிறது. அழகாக இருக்கிறதென்று பழைய டைமிங் மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் சேரும். ஏ-சீரிஸ் நெடுக்கு எஞ்சினின் கிராங்கில் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டு மட்டுமே தடுப்பு. அழுத்தம் கூடினால் எண்ணெய் அந்த வழியால் கிளட்ச்சின்மேல் இறங்கும். புதிதாகக் கட்டிய எஞ்சின் நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய் சொட்டுகிறதே என்று கவலைப்படுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, மூச்சுக் குழாய் எங்கே என்பதுதான்.

கார்பரேற்றர் உங்களுடையது போதாது. மரீனாவின் ஒன்றரை அங்குல எஸ்யு எச்எஸ்4-ஐப் போடுங்கள். டிஸ்ரிபியூட்டரும் 1275-உடையதே வேண்டும், வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்தள்ளும் அளவு இரண்டிலும் வேறு.

கியர் பெட்டிக்கு வருவோம். 948-இன் பெட்டி வெளிப்புறம் மழமழப்பானது. 1098-உடன் வந்த பெட்டியில் வரிவரியாக விலா எலும்புபோல் வார்த்திருக்கும், உள்ளே கியர் மாறுவதை இலகுவாக்கும் ஒத்திசைவு வளையங்களும் மேம்பட்டவை. மழமழப்பான பெட்டியோடு 1275 ஓடும், எவ்வளவு காலத்துக்கு என்பது உங்கள் வலது காலைப் பொறுத்தது. எஞ்சினை இறக்கும் ஒரே தடவையில் விலாப் பெட்டியையும் போட்டுவிடுங்கள். ஃபோர்ட் சியெராவின் ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்துபவர்கள் நிறையப் பேர், மோட்டார்வேக்கு அது சுகமானதுதான். செலவும் வெட்டி ஒட்டும் வேலையும் கூடும்.

நான் அதைவிட முதலில் மாற்றச் சொல்வது பின்அச்சின் விகிதத்தை. உங்கள் காரில் இருப்பது 4.55, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சினிலிருந்து வரும் தண்டு 4.55 முறை சுற்ற வேண்டும். இந்தச் சக்கர அளவில் மணிக்கு 60 மைல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 4000 சுற்றுச் சுற்றுகிறது. 1275-ஐ அதே விகிதத்தோடு ஓட்டினால் ஏற்றம் ஏறும், ஆனால் இரைச்சல் குறையாது. 1098 மைனரின் 4.22 போட்டால் அது 3700 ஆகும், மிட்ஜெட்டின் 3.9 போட்டால் 3430 அளவில் வரும். மிட்ஜெட்டின் டிஃபரென்ஷியல் (அந்த விகிதத்தைத் தரும் பற்சக்கரத் தொகுதி) உங்கள் அச்சுக்குள் நேராக அமரும் என்பது இந்தக் கார்களின் பெரிய வசதி. 1275-க்கு 3.9 மிகப் பொருத்தம். ஆனால் மாற்றியதும் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும், ஏனெனில் அது கியர் பெட்டியிலிருந்து அளக்கிறது. 4.55-இலிருந்து 3.9-க்குப் போனால் உண்மை வேகம் முள் காட்டுவதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதிகம்: முள் 30 காட்டும்போது நீங்கள் 35இல் போகிறீர்கள். வேகமானியைத் திருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவரை 30 மைல் எல்லையுள்ள வீதியில் முள் 25ஐத் தாண்ட விடாதீர்கள், பள்ளிக்கூட வாசலில் கண்டிப்பாக.

இனி நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல விரும்பும் விடயம். உங்கள் காரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது ஏழு அங்குல டிரம் பிரேக். 1962இல் எஞ்சினை 948-இலிருந்து 1098-ஆக்கி, 37 குதிரைவலுவை 48-ஆக உயர்த்தியபோது தொழிற்சாலை முன்பக்க டிரம்மை எட்டு அங்குலம் ஆக்கியது. வெறும் 11 குதிரைவலுவுக்கு அந்தக் காரைச் செய்தவர்களே அப்படித் தீர்மானித்தார்கள். நீங்கள் சேர்க்கப்போவது அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

முதன்முதலில் இந்த மாற்றத்தை நானும் பிரேக்கைத் தொடாமல்தான் செய்தேன். எஞ்சினுக்கே பணம் முடிந்துவிட்டது, பிரேக்கை வசந்த காலத்தில் பார்க்கலாம் என்று எண்ணினேன். அந்தக் கோடையில் சமர்செட்டில் போர்லொக் குன்றில் இறங்கினோம். நாலுக்கு ஒன்று என்ற சரிவு, மனைவி பக்கத்தில், இரு பிள்ளைகள் பின்னால். முதல் வளைவுவரை எல்லாம் சரி. இரண்டாவது வளைவுக்கு முன் மிதிவண்டிக்காரர் ஒருவருக்காக நீண்ட நேரம் மிதித்தபோது, மிதி வழமையைவிடக் கீழே போயிற்று, கருகிய ரெசின் மணம் காருக்குள் வந்தது, அடுத்த மிதியில் கார் வேகம் குறையவே இல்லை. டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகியிருந்தது. லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழந்திருந்தது. இரண்டாம் கியருக்கு இழுத்து, பின் முதலாம் கியருக்கு இழுத்து, கைப்பிரேக்கையும் பிடித்துக்கொண்டு ஊர்ந்து இறங்கினேன். கீழே நிறுத்தியதும் மூத்தவள் "அப்பா, ஏன் கை நடுங்குது?" என்று கேட்டாள். அந்த வாரமே காரை ஓட்டுவதை நிறுத்தி, டிஸ்க் பிரேக் போட்ட பிறகுதான் மீண்டும் வீதிக்கு எடுத்தேன். இதைப் படிக்கும் எவரும் அந்த வளைவை என்னைப்போல் கற்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கணக்கு எளிது. 60 மைலில் போகும் காருக்குப் பதில் 70இல் போகும் காரை நிறுத்த வேண்டுமானால், பிரேக் சூடாக மாற்ற வேண்டிய சக்தி 36 விழுக்காடு அதிகம். குறைந்தபட்சம் 1098-இன் எட்டு அங்குல முன் டிரம்களை, பின்தகடும் வீல் சிலிண்டர்களும் சேர்த்துப் போடுங்கள். இயன்றால் முன்பக்கம் டிஸ்க். மைனருக்கென்றே தயாரிக்கப்படும் டிஸ்க் தொகுதிகள் பிரிட்டனில் தாராளமாகக் கிடைக்கின்றன. டிஸ்க் போடும்போது மாஸ்டர் சிலிண்டரைக் கவனிக்க வேண்டும்: மைனரில் அது ஓட்டுநரின் காலடியில் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது, டிரம்முக்கென்று குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு அதன் உள்ளே உண்டு. அந்த வால்வு இருந்தால் டிஸ்க் பட்டைகள் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். தொகுதியை விற்பவர் இதற்கு என்ன தருகிறார் என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கீழே படுத்திருக்கும்போதே முன்சக்கரத்தின் அடிப்பக்க ட்ரனியன்களையும் பாருங்கள். மைனரின் முன்சக்கரம் ஒரு திருகாணியின் மேல் திரும்புகிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒரு நாள் சக்கரம் மடிந்து கார் மூக்கால் தரையில் விழும். பழைய எஞ்சினோடு இது பெரும்பாலும் வீட்டு வாசலில் திரும்பும்போதுதான் நடந்தது. 70 மைலில் நடக்கக் கூடாது. கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் துரு உண்டா என்று ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் எஞ்சின் காத்திருக்கட்டும், முதலில் வெல்டிங்.

றேடியேற்றர் சுத்தமாயிருந்தால் உங்களுடையதே போதும். 2021 செப்டெம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெற்றோல் ஈ10 (பத்து விழுக்காடு வரை எதனோல் கலந்தது) ஆகிவிட்டதால் பழைய ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றிவிடுங்கள், இயன்றவரை எதனோல் குறைந்த ஈ5 வாங்குங்கள்.

சட்டம் குறித்து: எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறுவதை வி5சி என்ற வாகனப் பதிவுப் பத்திரத்தில் குறித்து, வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ-க்கு அனுப்ப வேண்டும், கொள்ளளவு மாற்றத்துக்கு எழுத்துச் சான்று கேட்பார்கள், ஆகவே பட்டறையின் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நாற்பது ஆண்டு கடந்த காருக்கு எம்ஓடி என்ற வருடாந்த வாகனச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் பெரிதும் மாற்றப்பட்ட காருக்கு அந்த விலக்கு இல்லை. எஞ்சினைப் பொறுத்தவரை, சிலிண்டர் எண்ணிக்கை மாறுவதை அரசின் வழிகாட்டி ஓர் எச்சரிக்கை அடையாளமாகச் சொல்கிறது. நான்கு சிலிண்டர் ஏ-சீரிஸுக்குப் பதில் நான்கு சிலிண்டர் ஏ-சீரிஸ் போடுவதில் அந்தச் சிக்கல் எழவில்லை. பாதுகாப்புக்காகச் செய்யும் பிரேக் மேம்பாடும் இடைஞ்சலாகாது. விலக்கு இருந்தாலும் இந்த வேலை முடிந்ததும் காரை ஒருமுறை எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். உங்கள் பிரேக்கை உருளையில் வைத்து இடதும் வலதும் சமமா என்று இன்னொருவர் அளந்து சொல்வது அந்தக் கட்டணத்துக்கு மேலான பெறுமதி. காப்புறுதி நிறுவனத்துக்கு எஞ்சின், பிரேக் இரண்டையும் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்தொன்றின் பின் அவர்கள் பணம் தர மறுக்க அது போதிய காரணமாகிவிடும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதல் 500 மைல்களுக்கு வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் மோட்டார்வேயில் போக வேண்டாம். பிறகு எண்ணெயை மாற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டாகச் சரிசெய்யுங்கள்.

கழற்றிய 948-ஐ விற்காதீர்கள். தீப்பொறி பிளக் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு, கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, எல்லா வாய்களையும் அடைத்து, ஈரமில்லாத இடத்தில் மரக்கட்டைமேல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பிவிடுங்கள். அதன் எண் தகட்டைக் கழற்றி 1275-இல் அறையச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த எண் 1960இல் இந்தக் காரோடு தொழிற்சாலையை விட்டு வந்தது; அந்த எஞ்சினிலேயே இருக்கட்டும்.